ஒத்தடம் பத்து நிமிடம்தான்

மாதம்மாள் டாக்டர் இறந்துபோன செய்தி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு மேலே, நாளை குடிநீர் வராது என்ற அறிவிப்பு. கீழே, பனித்துளி படிந்த ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம். நடுவில் ஒரே வரி: ‘நாய் டாக்டர் காலமானார்.’ ஆறு பேர் அந்த வரிக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். ஒருவர் கைகூப்பியிருந்தார், அவர் ரோஜாவுக்கும் கைகூப்புகிறவர்தான். இன்னொருவர், ‘எந்த டாக்டர்? நாய்க்கு சாக்ஸ் போடச் சொன்ன அந்தம்மாவா?’ என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரியூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து போய், கால்நடை மருத்துவம் படித்து, முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தின் மூலைமுடுக்கெல்லாம் மருத்துவராக வேலை பார்த்தவர். தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்த கை அது. பாலக்கோட்டைச் சுற்றி இன்று மாடு கட்டியிருக்கும் வீடுகளில் பாதி வீட்டுக்காவது அவர் ஒருமுறை சேறு மிதித்துக்கொண்டு போயிருப்பார். அப்படிப்பட்டவரை ‘நாய் டாக்டர்’ என்ற இரண்டு வார்த்தைக்குள் அடக்கி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பெயரை வைத்தவன் மட்டும் கையில் கிடைத்தால் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான் தோன்றியது. சிக்கல் என்னவென்றால், அந்தச் சட்டை என் வீட்டுக் கொடியில்தான் காய்ந்துகொண்டிருக்கிறது.

டாக்டரம்மாவை அறிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்திருக்கும். சாக்ஸ் கதையை மட்டும் அறிந்தவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் காப்பீட்டு முகவர். என்னைக் கண்டதும் ‘அவர் வூட்டுல இல்லீங்க’ என்று உள்ளே இருப்பவரே குரல் கொடுக்கும் தொழில். அந்தத் துக்கத்தை ஆற்றிக்கொள்ள இந்த மாதாந்திர இதழில் நகைச்சுவை என்ற பெயரில் எதையாவது எழுதி வருகிறேன். என் வீட்டில் ஒரு நாய் உண்டு. நாங்கள் வீடு கட்டியபோது எங்கிருந்தோ குட்டியாக வந்து மணல் குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மேஸ்திரி ஒரு செங்கல்லைக் கோணலாக வைத்தாலும் எழுந்து நின்று குரைக்கும். மேஸ்திரிதான் ‘ஓவர்சியர்’ என்று பெயர் வைத்தார். வீடு முடிந்தது, மேஸ்திரி போனார், ஓவர்சியர் எங்களோடு தங்கிவிட்டான்.

பத்து வயது ஆனபோது ஓவர்சியர் படுத்த இடத்தை விட்டு எழ நேரம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினான். தபால்காரரைப் பார்த்துக் குரைக்கும் கடமையை உட்கார்ந்தபடியே முடித்துக்கொண்டான். வயதாகிவிட்டது, ஓய்வு பெற்றுவிட்டான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்தச் சமயத்தில் எனக்கும் இடது முட்டியில் வலி. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையில் ஒன்றை நான் விழுங்குவேன். பாதியைக் களி உருண்டைக்குள் புதைத்து அவனுக்குக் கொடுப்பேன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு முட்டி வலி, ஒரே அட்டையில் மருந்து. என்னைப் போல ஒரு நல்ல எஜமான் உண்டா என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. நான்கு நாள் அந்த மதிப்பு நீடித்தது. ஐந்தாம் நாள் அவன் சோற்றைத் தொடவில்லை. வாந்தி எடுத்தான். கறுப்பாகப் போனான்.

அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாதம்மாள் டாக்டர் வீட்டுக்குப் போனேன். அப்போது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். வாசலில் ஒரு புங்கமரம், அதன் அடியில் ஒரு சிமெண்ட் மேடை, அதுதான் மருத்துவமனை. ஓவர்சியரின் ஈறைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ன குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கலீங்க டாக்டரம்மா. எப்பவும் போல சாப்பாடுதான்.”

“ஈறு வெளுத்துக் கெடக்குது. போறது தார் மாதிரி இருக்குது. வயித்துக்குள்ள ரத்தம் கசியுது. இன்னொரு தடவை கேக்கறேன். என்ன குடுத்தீங்க?”

சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன்.

“இது யாருக்கு எழுதினது?”

“எனக்குங்க.”

“எழுதினது யாரு?”

“மருந்துக்கடைத் தம்பிங்க.”

“அப்ப உங்களுக்கே யாரும் எழுதலை,” என்றவர் அதற்குமேல் என்னோடு பேசவில்லை. மூன்று நாள் ஓவர்சியருக்குப் புங்கமரக் கிளையிலிருந்து குளுக்கோஸ் இறங்கியது. மூன்றாம் நாள் மத்தியானம் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் குடித்தான். அப்போதுதான் டாக்டரம்மா வாயைத் திறந்தார். “மனுஷன் முழுங்குற வலி மாத்திரை நாய்க்கு விஷம்ங்க. படிச்சவங்கதான் இந்த வேலையைப் பண்றீங்க. படிக்காதவன் ஒண்ணுமே குடுக்க மாட்டான், நாய் பொழைச்சுக்கும்.” பிறகு, “நாளைக்கு உங்க வூட்டுக்கு வர்றேன்,” என்றார்.

“நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க, நானே நாயைக் கூட்டிட்டு வர்றேன்.”

“நாயைப் பாத்தாச்சு. வூட்டைப் பாக்கணும்.”

மறுநாள் வந்தார். எங்கள் வாசலில் மூன்றே படி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, காபி கொண்டுவரச் சொல்ல உள்ளே போய்விட்டேன். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூடத்தில் போட்டிருப்பது முகம் பார்க்கிற டைல்ஸ். என் மனைவி கலைச்செல்வி, ஊரில் புதிதாகக் கட்டிய வீடுகள் ஒன்று விடாமல் ஏறி இறங்கி, எல்லாவற்றையும்விடப் பளபளப்பாக வேண்டும் என்று தேடிப் பிடித்தது. டாக்டரம்மா வாசற்படியிலேயே நின்று அந்தத் தரையைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஆபீஸ் போட்டுட்டுப் போற சாக்ஸ் இருக்குதுங்களா? நைலான்ல.”

“இருக்குதுங்க.”

“ரெண்டு ஜோடி எடுத்துட்டு வாங்க. கால்ல ஒரு ஜோடி, கையில ஒரு ஜோடி போட்டுக்கங்க. நடுக் கூடத்துல குப்புறப் படுங்க. இப்ப நாலு காலுல எந்திரிங்க.”

ஒரு வேலையாக வந்தவர்போல வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சின்னப்பன், இந்தக் காட்சிக்காக உள்ளேயே வந்துவிட்டார். நான் எழ முயன்றேன். கைகள் வடக்கே போயின, கால்கள் தெற்கே போயின, தாடை தரையில் மோதியது. மறுபடி முயன்றேன். இந்த முறை இடுப்பில் எங்கோ ஒரு நரம்பு சுண்டியது. கலைச்செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஓவர்சியர் மூலையில் படுத்தபடி, கோணலாக வைத்த செங்கல்லைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். சிரிக்காதவர் டாக்டரம்மா ஒருவர்தான்.

“இப்பச் சொல்லுங்க. வயசுங்களா, தரைங்களா?”

“தரைங்க.”

“வயசும்தான். மூட்டு தேய்ஞ்சு போச்சு. அதைப் புதுசாக்கறதுக்கு மருந்து இல்லை. தரைக்கு மருந்து இருக்குது. கோணிப்பை.”

இதுதான் நீங்கள் கேள்விப்பட்ட சாக்ஸ் கதை. அவர் சாக்ஸ் போடச் சொன்னது எனக்கு, நாய்க்கு அல்ல.

அன்று அவர் சொன்னதையெல்லாம் ஒரு பாலிசி விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். படுக்கிற இடத்திலிருந்து வாசல்வரை கோணிப்பை விரிக்க வேண்டும், ஓரங்கள் சுருளக் கூடாது. படி மேல் ஒரு பலகையைச் சரிவாகப் போட்டு அதன்மேலும் கோணியை அடிக்க வேண்டும். நகத்தை வெட்டிவிட வேண்டும். ஒரேயடியாக நெடுந்தூரம் நடத்தக் கூடாது, நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. வெதுவெதுப்பான நீரில் துணியைப் பிழிந்து, முதலில் நம் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டில் பத்து நிமிடம் ஒத்தடம். வலி அதிகமானால் நாய்க்கென்று உள்ள மருந்தை, அவர் சொல்லும் அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு. கடைசியாகச் சொன்னது இது: “நடக்கிறதைப் பாக்காதீங்க. எந்திரிக்கிறதைப் பாருங்க. நடக்கிறப்ப எல்லாரும் சமாளிச்சிடுவாங்க. எந்திரிக்கிறப்ப மறைக்க முடியாது.”

சின்னப்பனுக்கு இந்தக் கோணி வைத்தியம் பிடிக்கவில்லை. “எங்க இண்டூர்ல இதுக்கெல்லாம் கம்பியைக் காய்ச்சித் தொடையில ரெண்டு இழு இழுத்துடுவாங்க டாக்டரம்மா. மாடா இருந்தாலும் நாயா இருந்தாலும் எந்திரிச்சு ஓடும்.”

“உங்களுக்கு முட்டி வலி இருக்குதுங்களா?”

“அது இருக்குதுங்க, ரெண்டு வருசமா.”

“கம்பி காயட்டும். மொதல்ல உங்களுக்கு இழுத்துப் பாக்கலாம். நீங்க எந்திரிச்சு ஓடுனா நாய்க்கும் இழுத்துடலாம்.”

சூடு போட்ட மாடுகளை அவர் வாழ்நாளெல்லாம் பார்த்தவர். சீழ் பிடித்த தொடையோடு கொண்டுவந்து நிறுத்திவிட்டு ‘மருந்து குடுங்க’ என்று கேட்பவர்களைத் திட்டித் திட்டியே தன் குரல் இப்படிக் கரகரத்துப் போனது என்பார். சுட்ட மாடு ஓடுவது குணமானதால் அல்ல, சுட்டவனிடமிருந்து தப்பிக்க என்று ஊர் ஊராகச் சொன்னார். அப்போதும் அவரை யாரும் ‘சூடு போடாதே டாக்டர்’ என்று அழைக்கவில்லை. அந்தப் பெயராவது பொருத்தமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் ஓவர்சியரை எடை போட வேண்டும் என்றார். நாயை நிறுக்கிற தராசுக்கு நான் எங்கே போவேன்? அவரே என்னையும் கலைச்செல்வியையும் தக்காளி மண்டிக்கு அழைத்துப் போனார். அங்கே எடைபோடும் ராமனின் மாட்டுக்கு இரண்டு முறை அவர் பிரசவம் பார்த்திருக்கிறார். தக்காளிப் பெட்டிகளை இறக்கிவிட்டு ஓவர்சியரை எடை மேடையில் உட்காரவைத்தோம். சுற்றிலும் விவசாயிகள், ஏலம் கேட்பவர்கள். ராமன் பழக்கதோஷத்தில், “ரெண்டாம் ரகம்,” என்று கூவிவிட்டு, “பெட்டி எடை கழிக்கணுங்களா?” என்று கேட்டார்.

“வயித்தைக் கழிக்கணும்,” என்றார் டாக்டரம்மா.

முப்பத்திரண்டு கிலோ இருந்தான். இருபத்து நான்குக்கு மேல் இருக்கக் கூடாதாம். விசாரித்துப் பார்த்ததில், நான் போட்ட கறித்துண்டு போக, கலைச்செல்வி தனியாக நெய்க் களி, சின்னப்பன் தனியாக பிஸ்கட், முக்கு டீக்கடையில் தனியாகப் பன் என்று ஓவர்சியர் நான்கு வீட்டுக்கு மாப்பிள்ளையாக வாழ்ந்துவந்தது தெரிந்தது. “வயசான காலத்துல அதோட வாயைக் கட்டணுங்களா?” என்று கலைச்செல்வி கண் கலங்கினாள். டாக்டரம்மா எட்டு கிலோ தக்காளியை ஒரு பையில் போடச் சொல்லி அவள் கையில் கொடுத்தார். “இதைத் தூக்கிக்கிட்டு நாள் பூரா வேலை பாரும்மா. சாயங்காலம் பேசலாம்.” மத்தியானத்துக்குள் ஓவர்சியரின் நெய் நிறுத்தப்பட்டது.

இவ்வளவையும் பார்த்த நான் என்ன செய்தேன்? கட்டுரை எழுதினேன். ‘நாய் டாக்டரும் நாலு சாக்ஸும்’ என்று தலைப்பு. சாக்ஸை என் கையிலிருந்து கழற்றி ஓவர்சியருக்கு மாட்டினேன். அதுதான் சிரிப்பாக இருந்தது. பத்து நிமிட ஒத்தடத்தை அரை மணி நேரம் ஆக்கினேன். ஒரு காப்பீட்டு முகவன் அரை மணி நேரம் நாய்க்கு ஒத்தடம் கொடுப்பதுதான் இன்னும் சிரிப்பாக இருந்தது. நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான். டீக்கடையில் சத்தமாக வாசித்தார்கள். ஒரே மாதத்தில் பஸ் கண்டக்டர், “நாய் டாக்டர் வூடு எறங்குங்க,” என்று விசில் ஊதும் அளவுக்குப் பெயர் பரவியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் டாக்டரம்மா அந்த இதழைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன்.

“படிச்சேன். ஒரு தப்பு இருக்குது.”

“சாக்ஸுங்களா? அது சும்மா ஒரு தமாசுக்கு...”

“சாக்ஸ் போட்டா நாய் கடிச்சுத் துப்பிடும், கெடுதல் இல்லை. என் பேரு எப்படி வேணா இருக்கட்டும். ஒத்தடம் பத்து நிமிஷம்னு நான் சொன்னேன். அரை மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. யாராவது அதை அப்படியே செய்வாங்க. திருத்தம் போடுங்க.”

“நகைச்சுவைக் கட்டுரைக்குத் திருத்தம் போட்டா சிரிப்பு போயிடுங்க டாக்டரம்மா.”

“சிரிப்பு அடுத்த மாசம் வரும். வெந்த எடத்துல தோலு வர எத்தனை நாள் ஆகும்னு எனக்குத் தெரியும்.”

போடுகிறேன் என்றேன். அடுத்த இதழ் வந்ததும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “அடுத்த மாசம்ங்க,” என்றேன். அதற்கடுத்த மாதமும் கேட்டார். அப்போதும் அதையே சொன்னேன். நான்காவது மாதம் அவர் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவர் கேட்பதை நிறுத்தியது என்னை மன்னித்ததால் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைத்துக்கொள்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

இனி சொல்வதை நான் இதுவரை எழுதியதில்லை. அந்த வருடம் மார்கழிக் குளிர் கடுமையாக இருந்தது. ஓவர்சியரின் இடுப்பு இறுகிப்போய், சில நாள் எழ முடியாமல் கோணியிலேயே ஈரம் பண்ணிவிட்டான். தை பிறந்ததும் என் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள். கூடம் முழுக்கக் கோணி, மூலையில் நாற்றமடிக்கும் கிழ நாய். கலைச்செல்வி அழுதாள். அவள் தம்பி முருகேசன் தக்காளி ஏற்றுகிற பிக்கப் வண்டி வைத்திருக்கிறான்.

“மாமா, எதுக்கு ரோசனை? நாளைக்கு லோடு போறேன். எல்லை தாண்டி ஒரு தாபாக்கிட்ட எறக்கி வுட்டுடறேன். எலும்பு தின்னுக்கிட்டு ராசா மாதிரி இருப்பான்.”

எங்கள் ஊரில் கிழட்டு நாய்களுக்கு இதுதான் வழக்கமான வழியனுப்பு. யாரும் கொல்வதில்லை, தக்காளியோடு ஏற்றிவிடுகிறோம். எழவே முடியாத நாய், லாரிகள் ஓடும் சாலையோரம் ராஜாவாக எத்தனை மணி நேரம் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. “பாத்துக்க,” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலை, வீட்டில் இருக்கமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் புறப்பட்டுப் போனேன்.

மண்டியில் வண்டி லோடுக்காக நின்றபோது, பெட்டிகளுக்கு நடுவே கட்டிப்போட்டிருந்த ஓவர்சியரை எடைக்காரர் ராமன் பார்த்துவிட்டார். ‘நம்ம ரெண்டாம் ரகம்’ என்று அடையாளம் கண்டு டாக்டரம்மாவுக்கு போன் செய்தார். எனக்கும் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, வண்டியின் பின்கதவுக்கு நேர் கீழே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். வண்டி பின்னால் வர முடியாது. முன்னால் வேறு வண்டிகள். முருகேசன் ஹாரன் அடித்துச் சலித்துப்போய்க் கீழே இறங்கி நின்றான்.

“மாமா, இந்தம்மாவுக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. லோடு வாடுது.”

டாக்டரம்மா அவனைப் பார்க்கவே இல்லை. “வண்டி ஓட்டுறது இவரு. அனுப்புனது யாரு?”

நான் முருகேசனைப் பார்த்தேன்.

“வூடு வூடாப் போயி, உங்களுக்கு அப்புறம் குடும்பத்தை யாரு பாப்பாங்கன்னு கேக்கறவரு நீங்க. இவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டீங்களா? நாய் எறங்குற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

மண்டியே வேடிக்கை பார்த்தது. ராமனும் இரண்டு சுமைக்காரர்களும் பெட்டிகளை நகர்த்தி வழி செய்தார்கள். நான் வண்டியில் ஏறி ஓவர்சியரைத் தூக்கி இறக்கினேன். இதில் எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது எது தெரியுமா? என்னைப் பார்த்ததும் அவன் வாலாட்டினான்.

நாய் இறங்கிவிட்டது. டாக்டரம்மா எழ வேண்டும். அவரால் எழ முடியவில்லை. கை கொடுத்தேன், வேண்டாம் என்று தலையசைத்தார். இரண்டு கையாலும் பின்கதவின் கம்பியைப் பிடித்து, முதலில் மேலுடம்பை முன்னால் கொண்டுவந்தார். அங்கே கொஞ்சம் நின்றார். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பையும் கால்களையும் மேலே இழுத்தார். ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் ஓவர்சியர் எழுவதை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதே வரிசை, அதே இடைவெளி. எழுவதைப் பாருங்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எழுவதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் வீட்டு மூன்று படியும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“எத்தனை நாளா டாக்டரம்மா?”

“ஓவர்சியருக்கு வர்றதுக்கு முன்னாடியிருந்தே.”

“வைத்தியம் பாக்கலீங்களா?”

“எனக்கென்னங்க. வலிக்குதுன்னு சொல்ல வாய் இருக்குது.”

“யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“யாரு கேட்டா?” என்றார். கோபமாகக்கூட இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது கோணிகளை எடுக்கவில்லை. துவைத்துப் போட்டோம். மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கி உள்ளே வந்து, “எல்லார் வூட்டுலயும் வழுக்குமோன்னு பயந்துக்கிட்டே வர்றேன். இங்க காலை வெச்சதும் தெம்பா இருக்குது,” என்றார். சம்பந்தம் அன்றே முடிவானது. கலைச்செல்விக்கு இன்றுவரை டைல்ஸ்மேல் ஒரு வருத்தம் உண்டு, கோணிமேல் இல்லை.

போன வாரம் டாக்டரம்மாவுக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். மேடைக்குப் பின்னால் பிளெக்ஸ். அதில் டாக்டரம்மாவின் படத்தைச் சுற்றி, இந்த மாவட்டத்தில் யாருமே கண்டிராத சடை நாய்கள் நான்கு. கீழே கொட்டை எழுத்தில் ‘நாய் டாக்டர்’. முப்பது வருட மாடுகளில் ஒன்றுக்குக்கூட அதில் இடம் கிடைக்கவில்லை. முதலில் பேசியவன் முருகேசன். “வாயில்லா சீவனுக்கு ஒண்ணுன்னா அந்தம்மா உசுரையே குடுக்கும்,” என்று சொல்லிக் கண்ணீர் விட்டான். உண்மையான கண்ணீர், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கம்பியைக் காய்ச்சச் சொன்ன சின்னப்பன் மாலை போட்டார். மண்டியில் வண்டி வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். இத்தனை பேரில் ஒருவர்கூட அவர் உயிரோடு இருந்தபோது, ‘முட்டி எப்படி இருக்குதுங்க’ என்று கேட்டதில்லை. கடைசி ஆறு மாதம் அவர் புங்கமரத்தடி மேடைக்கு வருவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நாயை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றுதான் பார்த்தோம்.

இப்படியெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். “சார் கலகலப்பா ரெண்டு வார்த்தை பேசுவாரு,” என்றார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்தேன். திருத்தத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். எதிரே சிரிக்கத் தயாராக இருந்த முகங்களைப் பார்த்தேன். சாக்ஸ் கதையைச் சொன்னேன். கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். ஏரியூரிலிருந்து வருவதாகச் சொன்னார். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். என் கட்டுரை.

“டாக்டரம்மாகிட்ட ஒரு சந்தேகம் கேக்கலாம்னு பஸ் ஏறி வந்தேங்க. இங்க வந்தா இப்படி ஆயிடுச்சு. எங்க நாய்க்கு இதுல போட்ட மாதிரியே தெனமும் அரை மணி நேரம் ஒத்தடம் குடுக்கறோம். இடுப்புல முடி கொட்டி, தோலு செவந்து, கொப்புளம் வந்துடுச்சு. தொட வுடமாட்டேங்குது. இன்னும் எத்தனை நாளைக்குங்க குடுக்கணும்?”

“நிறுத்திடுங்க. இன்னிக்கே ஒரு கால்நடை டாக்டர்கிட்டக் காட்டுங்க. ஆறின பிறகும் பத்து நிமிஷம்தாங்க, வெதுவெதுப்பா.”

“இதுல அரை மணி நேரம்னு போட்டிருக்குதே. யாருங்க எழுதுனது?”

“நான்தாங்க.”

தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்களும் டாக்டருங்களா?”

“இல்லீங்க.”

“பின்ன எதுக்குங்க எழுதுனீங்க?”

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தாளை மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

டாக்டரம்மா என்னிடம் விட்டுப்போனவை அதிகம் இல்லை. என் கையெழுத்தில் அவர் சொற்கள் உள்ள ஒரு பாலிசி விண்ணப்பம். பதின்மூன்றாவது வயதில், இருபத்தைந்து கிலோவில், கோணிமேல் படுத்திருக்கும் ஓவர்சியர். பிறகு ஒரு பழக்கம்: யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் எழுந்திருப்பதைப் பார்க்கிறேன். எழும்போது நடுவில் நின்றுவிடுகிறவர்களிடம், பாலிசியை எடுப்பதற்கு முன், எத்தனை நாளாக என்று கேட்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சொல்கிற முதல் வார்த்தை, “யாரும் கேட்டதில்லீங்க” என்பதுதான். இன்று காலை ஓவர்சியர் முன்னங்கால் இரண்டையும் ஊன்றினான், கொஞ்சம் நின்றான், பிறகு எழுந்தான். பலகைச் சரிவில் இறங்கிப் போய் வாசலில் நின்று, தபால்காரரைப் பார்த்து நின்றபடியே குரைத்தான்.

டாக்டரம்மா மூன்று மாதம் கேட்டது கீழே இருக்கிறது. அந்தப் பழைய இதழை இன்னும் வைத்திருப்பவர்கள் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தம்: ‘அரை மணி நேரம்’ என்று இருப்பதைப் ‘பத்து நிமிடம்’ என்று திருத்திப் படிக்கவும். ‘நாய் டாக்டர்’ என்று இருக்கும் இடங்களில் எல்லாம் ‘டாக்டர்’ என்று திருத்திப் படிக்கவும்.